செருப்பு தேடும் கால்கள்

படம் பார்க்கும்போது உங்கள் செருப்பு எங்கே இருக்கிறது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். இந்தத் தொழிலில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற என்னிடம், எங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது.

நீங்கள் இப்போது எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்பதைக் குளிர்பதன அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறீர்கள். போனில் விமர்சன நட்சத்திரம் எண்ணுகிறீர்கள். எண்ணுங்கள், குறை சொல்லவில்லை. எங்களுக்கு இருந்தது பிரிவியூ ஒன்றுதான். படம் வெளிவருவதற்கு முன்னால் தியேட்டர்காரர்களையும் கொஞ்சம் பொதுஜனத்தையும் கூட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டர்காரர்கள் படத்தை எடுப்பதா வேண்டாமா என்று சொல்வார்கள். நான் ஒரு விநியோகக் கம்பெனியின் பிரதிநிதி. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும், கிழக்கே மேடவாக்கம் வரைக்கும் என் பொறுப்பு. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தியேட்டரைக் காலை ஒன்பது மணிக்கு, வழக்கமான காட்சிகள் தொடங்குவதற்கு முன்னால் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது.

தியேட்டர்காரர்கள் பிரிவியூ பார்க்கிற அழகு இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதிப் படம்தான் பார்ப்பார்கள். இடைவேளையில் எழுந்து வாசலில் இருக்கிற டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். அங்கே யாரும் படத்தைப் பற்றி முதலில் வாயைத் திறக்கமாட்டார்கள். நல்லது என்று சொல்லி ஓடாவிட்டால் மானம் போகும், மோசம் என்று சொல்லி ஓடிவிட்டால் அதைவிட அதிகமாகப் போகும். அதனால் மழை, கிரிக்கெட், பெண்ணுக்கு வரன் என்று பேசிக்கொண்டே பல்லாவரத்துப் பெரியவரின் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தியேட்டர் வைத்திருந்த மனிதர். கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, 'ஓடும்' அல்லது 'போர்' என்று ஒரே ஒரு சொல் சொல்வார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. எல்லோரும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு கலைவார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒருநாளும் வராத தியேட்டர்காரர் ஒருவர் இருந்தார். மேடவாக்கம் தனபாக்கியம் அக்கா. புருஷன் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போடும் வரைக்கும் கொண்டுவந்துவிட்டுக் காலமாகிவிட்டார். அதன் பிறகு டிக்கெட் கிழிப்பதைத் தவிர எல்லாவற்றையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு மேடவாக்கம் அடுக்குமாடிகளும் தண்ணீர் லாரியுமாக மூச்சுத் திணறுகிறது. அன்றைக்கு மாலைக் காட்சிக்குப் பாட்டுப் போட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

"அங்க அத்தினி ஆம்பளைங்க நடுவுல நான் இன்னாத்துக்கு தம்பி? நீ பாத்துட்டு வந்து சொல்லு, போதும்" என்பார். எங்கெல்லாமோ ஓடித் தேய்ந்த பழைய பிரிண்டுகள்தான் அவருக்குப் போகும். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் பொங்கலுக்குப் புதுப் படம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் மண்ணைப் போட்டவன் நான்.

அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மார்கழியில் ஒரு பெரிய படத்துக்குப் பிரிவியூ வைத்தோம். இரட்டை வேஷம், கடைசியில் ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. பொதுஜனத்தைத் திரட்டுவது என் வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், சிட்லபாக்கத்து ஆபீஸ்காரர்கள், குரோம்பேட்டைத் தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் பெண்கள், நைட் டியூட்டி முடித்த நர்சுகள் என்று பார்த்துப் பார்த்து அழைத்தேன். காலையிலேயே வருகிறார்களே, வெறும் வயிற்றோடு உட்காரவைக்கலாமா? ஓட்டலில் சொல்லிக் கேசரி, போண்டா, காபி ஏற்பாடு செய்தேன். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். படம் முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னேன்.

அத்தனை அட்டையிலும் அருமை, பிரமாதம், குடும்பத்தோடு பார்க்கலாம். ஒரு அட்டையில் 'கேசரி அருமை' என்று இருந்தது. அதையும் படத்துக்குக் கிடைத்த பாராட்டோடு சேர்த்துக்கொண்டேன். அப்படி ஒரு உற்சாகம் எனக்கு.

இத்தனைக்கும் அன்று நான் அரங்கத்துக்குள் கதவோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். படம் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போதே இருட்டில் தரையெங்கும் சரக் சரக் என்று ஒரு சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தேன். மேனேஜரிடம் எலிப்பொறி வைக்கச் சொல்லவேண்டும் என்றுகூட மனதில் குறித்துவைத்தேன்.

அன்று மத்தியானமே மேடவாக்கம் போய், "அக்கா, இதுதான் உங்க பொங்கல் படம். கண்ணை மூடிகிட்டு எடுங்க" என்றேன். அவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

பொங்கலன்று முதல் காட்சிக்குக் கூட்டம் வந்தது. இரண்டாவது காட்சிக்குப் பாதி. காணும் பொங்கலன்று, ஊரே வெளியில் திரிகிற நாளில், அந்தத் தியேட்டரில் அக்காவும் ஆபரேட்டரும் நாலைந்து பேரும்தான் ஹெலிகாப்டரைப் பார்த்தார்கள். நான் போய் நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குந்து தம்பி, கரும்பு தின்னு" என்று ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்தார். அந்தக் கரும்பை நான் எப்படித் தின்றேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. அக்காவின் கொழுந்தனார் அரிசி மண்டி வைத்திருந்தவர். அவருக்கு அந்த இடத்தின் மேல் நெடுநாளாகக் கண். "சினிமா உனக்குச் சரிப்படாது அண்ணி. சித்திரையோட பெஞ்சையெல்லாம் பிரிச்சிடு, மூட்டை அடுக்கிக்கலாம்" என்று குடும்பத்தைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். பொங்கல் படம் கைகொடுத்திருந்தால் அக்கா பதில் பேசியிருப்பார். இப்போது சித்திரை வரைக்கும்தான் தவணை.

பங்குனியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு சின்னப் படம் வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரே தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிற அக்கா தங்கை இருவரின் கதை. இதற்கெல்லாம் டிபன் எதற்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் வந்தவர்களுக்குப் பானைத் தண்ணீர் மட்டும்தான்.

இடைவேளையில் பல்லாவரத்துப் பெரியவர் டீயைப் பாதியிலேயே வைத்தார். "போர்யா" என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினார். மற்றவர்களும் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். பின்வரிசைகள் காலி. பொதுஜனம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது. மரியாதைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

படம் முடியப்போகிற நேரத்தில், அட்டை கொடுப்பதற்காகப் பென்சில்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ரப்பர் பேண்ட் அறுந்தது. தியேட்டர் தரை சரிவாயிற்றே, நாற்பது ஐம்பது பென்சிலும் திரையை நோக்கி உருண்டு ஓடின. டார்ச்சை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே தவழ்ந்தேன். நர்சு அம்மா ஒருத்தர், "யாருப்பா அது, லைட்டை அணை" என்று அதட்டினார். கையால் டார்ச்சை மூடி, விரலிடுக்கு வெளிச்சத்தில் தேடினேன்.

அங்கே கால்களே இல்லை. செருப்புகள்தான் இருந்தன. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, ஒருத்தியின் செருப்பு அடுத்த வரிசைக்கே போயிருந்தது. வரிசை வரிசையாகக் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சிட்லபாக்கத்து ஆபீஸர் ஒருவர் தம் வீட்டு ஊஞ்சலில் இருப்பதுபோலச் சம்மணம் போட்டிருந்தார்.

மார்கழியில் நான் கேட்ட சத்தம் எலியினுடையது அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் இருபது நிமிஷப் படம் பாக்கி இருக்கும்போதே அத்தனை பேரின் கால்களும் இருட்டில் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தன. வாய் கேசரிக்கு நன்றியாக நடந்துகொண்டது. கால் அப்படி நடந்துகொள்ளவில்லை. கையிலிருந்த பென்சில்களோடு அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தால் முதலாளி போனில் காத்திருந்தார். பெரியவர் அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டார்.

"ஒருத்தனும் தொடமாட்டான் போலிருக்கே. படப் பெட்டி நாளைக்குச் சாயந்தரம் திரும்பிப் போகணும். அதுக்குள்ள அந்த மேடவாக்கம் அம்மாகிட்ட தள்ளிவிட்டுடு. நீ சொன்னா அது எடுத்துக்கும்யா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

யோசித்துப் பாருங்கள். படம் நல்ல படம் என்று எனக்குத் தோன்றியது. முதலாளியும் விற்கச் சொல்கிறார். அக்காவும் என் பேச்சை நம்புவார். எல்லாம் ஒரே பக்கம்தான் இழுத்தன. ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. மார்கழியிலும் இப்படித்தானே எனக்குத் தோன்றியது? அன்றைக்கு அட்டையை நம்பினேன், இன்றைக்குச் செருப்பை நம்புகிறேன். இதுவும் தப்பாகிவிட்டால் பெஞ்சைப் பிரிப்பது என் வீட்டில் இல்லையே. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உங்களை நம்புகிறவர்களிடம் எதையும் சுலபமாக விற்றுவிடலாம். அப்போதுதான் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

பஸ் ஏறி மேடவாக்கம் போனேன். அக்கா வாசலில் போஸ்டருக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"ஒரு படம் இருக்கு அக்கா. புதுசு."

"நல்லா கீதா?"

"நான் சொல்லமாட்டேன். நாளைக்குக் காலையில நீங்களே தாம்பரம் வந்து பாருங்க."

"நான் எதுக்கு? நீ சொல்லு, எடுத்துக்கறேன். நீ இன்னா பொய்யா சொல்லப் போறே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கேசரிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். எலிப்பொறி பற்றி மட்டும் சொல்லவில்லை, செருப்பைப் பற்றியும் மூச்சு விடவில்லை. அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அவர் படத்தை விட்டுவிட்டுக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா பசையை ஒரு கிண்டு கிண்டினார்.

"கேசரி துன்னுட்டு நானா இருந்தாலும் நல்லா கீதுன்னுதான் எழுதியிருப்பேன். உன் மேல தப்பு இல்ல, போ" என்றார். பசைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

தாம்பரம் தியேட்டர் மேனேஜரிடம் போய் மறுநாளும் காலைக் காட்சி வேண்டும் என்று நின்றேன்.

"உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப எனக்கும் தெரியாது. பன்னெண்டரைக்குள்ள முடிச்சிட்டுப் போயிடுங்க."

அன்று மாலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய், படம் பார்த்தவர்களை விட்டுவிட்டுப் பார்க்காதவர்களை அழைத்தேன். டிபன் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். அப்படியும் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள்.

அக்கா கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கையில் ஒரு மஞ்சப்பையோடு வந்து சேர்ந்தார். இருபது வருஷம் தியேட்டர் நடத்தியவர், இன்னொருவர் தியேட்டரில் உட்காருவது அதுதான் முதல் தடவையாம். கடைசி வரிசையில் ஓரச் சீட்டில் உட்காரவைத்தேன். "படத்தை மட்டும் பாக்காதீங்க அக்கா, ஜனத்தையும் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். முதல் அரை மணி நேரம் அப்படியே செய்தார். கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கழுத்து திரும்பவில்லை. இடைவேளையில் சோடா வேண்டுமா என்று கேட்டேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அழுத முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்று அவசரம். முன்கூடத்து மொசைக் தரையைத் தாண்டும்போது தியேட்டர்காரராக மாறிவிட்டார்.

"சண்டையே இல்லியே தம்பி" என்றார்.

"இல்ல அக்கா."

"பாட்டும் மூணுதான் கீது. அதுல ஒண்ணு தாலாட்டு. நம்ம ஊரு பசங்க விசில் அடிக்க ஒரு எடம் வோணாவா? அழுதுகினே இருந்தா எவன் வருவான்? ஏற்கெனவே ஒரு தபா சூடு பட்டாச்சு. கொழுந்தன் வேற மூட்டையோட நின்னுகினு கீறாரு. வோணாம் தம்பி. பேஜாரு புடிச்ச வேலை. இது நமக்குச் சரிப்படாது."

வற்புறுத்தினால் அது மறுபடியும் என் வார்த்தையாகிவிடும். எல்லாம் முடிந்தது, சித்திரையில் மூட்டை வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் வாசல் படியில் இறங்கினார்.

அந்தப் படம் அவருடைய தியேட்டரில் ஐந்து வாரம் ஓடியதும், வேளச்சேரியிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெண்கள் வந்ததும், பல்லாவரத்துப் பெரியவர் நாலாவது வாரம் போன் செய்து "பிரிண்ட் இருக்கா?" என்று கேட்டதும், அரிசி மூட்டை வேறு கூரை தேடிப் போனதும் பின்னால் நடந்தவை. மேனேஜர் வாயைத் திறக்கவில்லை, ஆனாலும் அந்த இரண்டாவது பிரிவியூ முதலாளிக்கு எப்படியோ தெரிந்து, ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதையெல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்ப்பது அந்த வாசல் படியைத்தான்.

பங்குனி வெயில், மதியம் பன்னிரண்டரை மணி. கருங்கல் படி அனலாகக் கொதித்தது. "சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டே இறங்கிய அக்கா, "அய்ய!" என்று துள்ளி நிழலுக்குள் வந்தார். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, செருப்பு எங்கே?" என்றேன்.

குனிந்து பார்த்தார். வெறும் கால். சீட்டிலிருந்து எழுந்து, வரிசையைக் கடந்து, கதவைத் தாண்டி, முன்கூடம் முழுவதும் நடந்து, படத்தில் இருக்கிற குறையை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

இப்போது செருப்புக் கணக்கைச் சொன்னேன். மார்கழிச் சத்தம், எலி, உருண்டோடிய பென்சில்கள், சம்மணம் போட்ட ஆபீஸர் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளித் திரும்ப உள்ளே ஓடினார்கள். அவர்களும் வெறும் கால்தான்.

நான் உள்ளே போனேன். கடைசி வரிசையில் அந்த ஓரச் சீட்டுக்கு அடியில் ஒரு செருப்பு கிடைத்தது. மற்றது முன்வரிசைக்குச் சறுக்கிப் போயிருந்தது. பின்பக்கம் தேய்ந்து, வார் ஒரு தரம் தைக்கப்பட்ட செருப்பு. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, அவர் காலடியில் வைத்தேன். வைக்கும்போது பொங்கலன்று அவர் ஒடித்துக் கொடுத்த கரும்பு ஞாபகத்துக்கு வந்தது.

"அய்யோ, இன்னா தம்பி இது, எம்மாம் பெரிய உத்தியோகம் பாக்கறவன் நீ, எந்திரி எந்திரி" என்று பதறினார். கண் கலங்கியிருந்தது. அவசர அவசரமாகக் காலை நுழைத்துக்கொண்டார்.

படியில் இரண்டு எட்டு இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை பெட்டி எத்தினி மணிக்கு வரும்?"